சாவு வீட்டில் பொங்கிய பார்பேரா

குழாயின் நுனியைத் தொட்டி விளிம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது தூல்லியோவுக்குத் தெரியாது. பம்பைப் போட்டதும் குழாய் துள்ளி வெளியே விழுந்து, நுரைத்துக்கொண்டிருந்த திராட்சைச் சாற்றை முற்றமெங்கும் பீய்ச்சியடித்தது. அவன் அண்ணன் எவாசியோவின் சவப்பெட்டியை நான்கு பேர் வாசலைத் தாண்டித் தூக்கி வந்த நேரம் அது. துக்கத்துக்கென்று பாதிரியார் போட்டிருந்த ஊதாப் பட்டைக்குப் பொருத்தமாக அவருடைய வெள்ளை அங்கியும் ஊதாவானது.

"இத்தனை வருஷமா டூரிஸ்டுங்களுக்கு ஒயின் செய்யற கதை சொல்றான்," என்றார் பெட்டியின் முன்கோடியைத் தாங்கியிருந்த பக்கத்துத் தோட்டத்துக் கிளெமெந்தே. "பம்பைத் தொட்டது இன்னைக்குத்தான் போல."

"போறப்ப ஒரு வாய் குடுடான்னு எவாசியோதான் கேட்டான்," என்றான் தூல்லியோ.

சிலர் சிரித்தார்கள். அண்ணி நீவெஸ் சிரிக்கவில்லை. கறுப்பு உடையோடு ஏணியில் ஏறினாள், குழாயைக் கட்டினாள், மறுபடி பம்பைப் போட்டாள். மேலே மிதக்கும் திராட்சைத் தோலைக் காலையும் மாலையும் சாறு விட்டு நனைக்காவிட்டால் ஒயின் புளித்துவிடும். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. இத்தாலியின் திராட்சைக் குன்றுகளான மோன்ஃபெராத்தோவில் அறுவடை மாதத்தில் செத்தவன் சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் நடக்கும்போது தூல்லியோ தன்னையே திட்டிக்கொண்டான். அண்ணி உடை மாற்றுவதற்குள் வேலையை முடித்துவைத்து, 'பரவாயில்லையே, இவனும் உதவுவான்' என்று அவளை நினைக்கவைப்பது அவன் திட்டம். அண்ணனும் தானும் வளர்ந்த அந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வேனில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒயின் கூடம் ஒயின் கூடமாகப் போவது அவன் பிழைப்பு. எந்த ஊரில் எந்தப் பாலாடைக்கட்டி, எந்தக் கோயிலில் எந்தப் புனிதரின் பல் என்று எல்லாம் அத்துப்படி. எல்லா முற்றத்திலும் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். பொழுது சாய்ந்தால் மருந்துக்கடை மாடியில், வாடகை அறையில், பேச்சுத்துணைக்கு ரேடியோ.

வசந்த காலத்தில் எவாசியோவிடம் கேட்டுப் பார்த்தான்: "தொட்டி கழுவ ஆள் வேணுமாடா?"

"நீ கழுவினா ஒயினுக்குச் சிரிச்சு சிரிச்சே வயிறு வலிக்கும்," என்றான் எவாசியோ. கேள்வியும் விளையாட்டு, பதிலும் விளையாட்டு. அப்புறம் நோய் முற்றி அண்ணனுக்குப் பேசவே தெம்பில்லை.

அடக்கம் முடிந்து, அண்ணி வீட்டுச் சமையலறையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த ஊர்ச் சிவப்பு ஒயினான பார்பேராவில் ஐஸ்கட்டி போட்டுக் குடித்த டச்சுக்காரன் கதையைக் கிளெமெந்தே கேட்டார். தூல்லியோ சொன்னான். சாவு வீடு என்பதை மறந்து மேசையே குலுங்கியது. பிறகு ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நீவெஸ் தட்டுகளைக் கழுவ, அவன் துடைத்தான்.

"அண்ணி, மாடி ரூம் காலியாத்தானே கெடக்கு? இல்ல, எலிங்களுக்கு வாடகைக்கு விட்டாச்சா?"

"நாளைக்கு மழைங்கறாங்க," என்றாள் நீவெஸ். "அந்த மேட்டுத் தோட்டத்தை இன்னும் பறிக்கல."

அவன் துண்டைக் கீழே வைத்தான். சிரிப்பில்லாமல் ஒரு விஷயத்தைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் வாய் சரியாக வரவில்லை.

"நான் இங்கயே வந்து இருந்துடட்டுமா அண்ணி? வேலையைக் கத்துக்கறேன். குழாய் கட்றதுல இருந்து."

நீவெஸ் தண்ணீரை நிறுத்தினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம், தூல்லியோ. பம்பு, குழாயெல்லாம் ஒண்ணுமில்ல, அதைக் கத்துக் குடுத்துடலாம். உன் குரல் அப்படியே அவர் குரல். நீ கதை சொல்றப்ப நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுட்டேன், பாத்தியா? தினமும் இந்த வீட்டுல அது கேட்டா என்னால முடியாது."

தூல்லியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுவரை போய், கையை மட்டும் அசைத்தான்.