முதலில் எழுந்த பட்டை

இயற்பியல் டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு வைத்திருந்த பெயர் வோல்டேஜ். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து "வோல்டேஜ் வருது" என்று ஒரு குரல் வரும். முதல் பெஞ்ச் வரை முதுகுகள் நிமிரும். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பல வருடங்களாகப் பத்தாம் வகுப்பு அவருடையது. வேறு வகுப்புகளுக்கும் போவார், ஆனால் அதெல்லாம் அவருக்கு வேலை. பத்தாவதுதான் அவருடைய இடம்.

அந்த இடத்துக்கு ஆபத்து ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. உள்ளே டிவி ரிமோட்டில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றிலும் நான்கு பொத்தான்கள்.

"கிளிக்கர்" என்றார் தலைமையாசிரியர், ஆசிரியர் கூட்டத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டி. "பையன் ஒருத்தனுக்கு ஒண்ணு. தினம் ஒரு கேள்வி திரையில போடுங்க, பசங்க பதிலை அமுக்குவாங்க. எத்தனை பேர் சரின்னு அப்படியே என் ரூமுக்கு வந்துடும். டேர்ம் முடிவுல சராசரி பாதிக்குக் கீழ இருந்தா, அந்த டீச்சர் பத்தாவதை விட்டுடணும்."

"விட்டா யாருங்க சார் எடுப்பாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

தலைமையாசிரியர் சுவரோரம் லேப்டாப்போடு நின்ற இளைஞனைப் பார்த்தார். பள்ளியின் கம்ப்யூட்டர் பொறுப்பு அவனிடம். எதைக் கேட்டாலும் "அது அட்மின்தான் பண்ணணும்" என்று ஆரம்பிப்பதால் ஆசிரியர் அறையில் அவனுக்குப் பெயரே அட்மின். இயற்பியல் படித்தவன் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் வாரமே டீச்சரின் மானம் போனது. கடவுச்சொல்லை எத்தனை முறை அடித்தாலும் திரை ஏற்கவில்லை. ஆள் அனுப்பினார். அட்மின் வந்தான், குனிந்து ஒரே ஒரு விசையைத் தட்டினான். "கேப்ஸ் லாக் மேடம்" என்றான், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. கடைசி பெஞ்ச் சிரித்தது. வோல்டேஜ் வகுப்பில் யாரும் அதுவரை சிரித்ததில்லை.

அன்றிலிருந்து டீச்சர் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காலி வகுப்பில் கிளிக்கரோடு மல்லுக்கட்டினார். ஒரு மாதத்தில் கேள்வி போடுவது, நேரம் வைப்பது, பட்டியல் எடுப்பது எல்லாம் கைக்கு வந்தது. பதில்கள் வர வரத் திரையில் பச்சைப் பட்டைகள் எழும். எது உயரமாக நிற்கிறதோ அதுதான் வகுப்பின் பதில். டீச்சரின் வகுப்பில் சரியான பட்டை பனைமரம் மாதிரி நின்றது. தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. தலைமையாசிரியர் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார். திரும்பும் வழியில் டீச்சர் அட்மினிடம், "கேப்ஸ் லாக் போட்டுட்டே எடுத்த மார்க்கு தம்பி" என்றார். அவன் சிரிக்கவில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. கம்பியை நீளமாக்கினால் மின்தடை என்ன ஆகும் என்று கேள்வி. கூடும், குறையும், மாறாது என்று மூன்று பதில். நான்காவதாக இடத்தை நிரப்ப 'பூஜ்யமாகிவிடும்' என்று போட்டிருந்தார். டீச்சர் கையில் உபரியாக ஒரு கிளிக்கர் இருந்தது. வகுப்பை அதட்டக் கையை ஓங்கியபோது கட்டைவிரல் நான்காவது பொத்தானில் பட்டுவிட்டது. திரையின் ஓரத்தில், பூஜ்யத்துக்கு நேராக, ஒரு பச்சைத் துணுக்கு எழுந்தது.

யார் அமுக்கினது என்று பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. துணுக்கு குட்டிப் பட்டையானது. பட்டை வளர்ந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம் வகுப்பையே விழுங்கிவிட்டது.

"எவனெவன் இதைப் போட்டான்?"

தலைகள் குனிந்தன.

"முதல் பெஞ்ச். நீ சொல்லு."

எப்போதும் முதல் மார்க் வாங்கும், கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள். "ஸ்க்ரீன்ல வந்துடுச்சு மிஸ். தெரிஞ்சவங்கதான் முதல்ல போட்டிருப்பாங்கன்னு..."

"உனக்குத் தெரியாதா?"

"கூடும்னுதான் மிஸ் நினைச்சேன். ஆனா யாருமே அதைப் போடலையே."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பனைமரம் மாதிரி நின்ற அத்தனை பட்டைகளும் மனதில் வரிசையாக வந்தன. மற்ற நாட்களில் இந்தப் பெண் முதலில் அமுக்கியிருப்பாள், மற்றவர்கள் பின்னால் போயிருப்பார்கள். இன்று முதலில் அமுக்கியது அவர் கட்டைவிரல்.

அட்மின் சர்வர் அறையில் வயர்களுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

"பட்டையை மறைக்க வழி இருக்கா?"

"இருக்கு. ஆனா மறைக்காதீங்க மேடம். பசங்களுக்கு அதுதான் ஜாலி."

"ஜாலிக்கா மார்க்? என் கிளாஸ்ல தொண்ணூறுன்னு வந்ததெல்லாம் பொய். கிளிக்கர் வந்தப்ப நீ நடத்திக் காட்டின டெமோ கிளாஸ்ல வந்ததும் பொய்தான்."

அவன் டீயைக் கீழே வைத்தான். "பார்த்துப் பேசுங்க. அந்த நம்பரைக் காட்டித்தான் என் காண்ட்ராக்டை நீட்டியிருக்காங்க. நீங்க பர்மனென்ட். நான் அப்படியில்ல."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. அந்த பட்டன் எங்க இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

டீச்சர் லேப்டாப்பையும் இரண்டு கிளிக்கர்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். எடுத்துப் போக அனுமதி வேண்டும். கேட்கவில்லை.

வீட்டில் நாத்தனார் கூரியர் ஆபீஸிலிருந்து திரும்பி, காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். கணவனைப் பிரிந்து வந்தவள்; இரண்டு வருடமாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு.

"என்ன அண்ணி, ஸ்கூலைக் காலி பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு இதைப் பிடி. நான் கேக்கறதுக்கு அமுக்கு."

டீச்சர் மெனு மெனுவாகத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் குழம்புப் பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு மூலையில் பட்டைகளை மறைக்கும் பொத்தான் கிடைத்தது. சோதிக்க ஒரு கேள்வி போட்டார்: ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு பல்பு. முதல் பல்பைத் தாண்டியபின் மின்னோட்டம் குறையுமா, கூடுமா, மாறாதா?

நாத்தனார் யோசிக்காமல் அமுக்கினாள். டீச்சர் திறந்து பார்த்தார். குறையும்.

"தப்பு."

"எப்படித் தப்பாகும்? முதல் பல்பு எரியுதில்ல? எரியறதுக்குக் கரண்ட்டைச் செலவு பண்ணாதா? மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்? நான் ரெண்டு தோசை தின்னா தட்டுல ரெண்டு குறையாது?"

"கரண்ட் தோசை இல்ல."

"அப்ப என்ன? சொல்லுங்க. வருஷக் கணக்கா பாடம் எடுக்கறீங்கல்ல?"

டீச்சர் வாயைத் திறந்தார். பாடப்புத்தக வரி வந்தது. நாத்தனார் கொட்டாவி விட்டாள். மறுபடி சொன்னார். மறுபடி கொட்டாவி. கடைசியில் ஒரே வரிசையில் போகும் சைக்கிள்களை உதாரணத்துக்கு இழுத்து, ரோட்டில் மேடு வந்தால் வரிசை முழுவதுமே மெதுவாகும், மேட்டுக்குப் பின்னால் சைக்கிள் எண்ணிக்கை குறையாது என்று கத்தி விளக்கினார். நாத்தனார் அரைகுறையாகத் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். டீச்சர் அன்று இரண்டு விஷயம் தெரிந்துகொண்டார். தப்பான பதிலுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை எவரிடமும் அவர் கேட்டதே இல்லை.

மறுநாளிலிருந்து பட்டை மறைந்தது. திரையில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற எண் மட்டும் ஏறும். எல்லோரும் அமுக்கியபிறகு டீச்சர் திறப்பார். மார்க் தொண்ணூறிலிருந்து இருபத்தேழுக்கு விழுந்தது.

வகுப்பு அவரை வெறுத்தது. மார்க் வீட்டுக்கும் போகிறதே. "வோல்டேஜ் வேணும்னே பண்ணுது" என்று பேச்சு கிளம்பியது. சும்மா இடத்தை நிரப்பும் பதில்களாக இல்லாமல், நம்பத் தகுந்த தப்புகளாக அவர் தேடித் தேடிப் போட்டார். அதிகம் பேர் விழுந்த குழியைத் திறந்து, "இதைப் போட்டவன் எழுந்து வாதாடு, மத்தவன் மறுத்துப் பேசு, அப்புறம் இன்னொரு தடவை ஓட்டு" என்றார். முதல் வாரம் யாரும் எழவில்லை. இரண்டாவது வாரம் கடைசி பெஞ்ச் ஒருவன் கோபத்தில் எழுந்தான். மூன்றாவது வாரம் சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து கதவைத் தட்டினார்.

தலைமையாசிரியர் சும்மா இருப்பாரா? அட்மினோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சரின் விரல் அந்தப் பொத்தானின் மேல் நின்றது. திறந்து வைத்தால் போதும். முதல் பெஞ்ச் கண்ணாடி அமுக்கும், மற்றதெல்லாம் பின்னால் வரும், பத்தாவது அவரிடம் இருக்கும்.

மறைத்தபடியே பல்பு கேள்வியைப் போட்டார். திறந்தபோது 'குறையும்' பாதிக்கு மேல் நின்றது. சரியான பதில் முப்பதைத் தொடவில்லை. கண்ணாடிப் பெண்ணும் தப்பு.

"இதுதான் உங்க கிளாஸா?" என்றார் தலைமையாசிரியர், பிள்ளைகள் முன்னாலேயே.

"ஆமா சார். கொஞ்சம் உக்காருங்க."

வகுப்பு சண்டை போட்டது. பல்பு கரண்ட்டைத் தின்னும் என்றான் ஒருவன். தின்றால் எங்கே போகும், பல்புக்குள் சேர்ந்து கிடக்குமா என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்ச்காரன் எழுந்து, "அப்ப பல்பைக் கழட்டிக் கவிழ்த்தா கொட்டுமாடா?" என்றான். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. இரண்டாவது ஓட்டில் சரியான பதில் எழுபதுக்குப் போனது.

"பாத்தீங்களா சார்?" என்றார் டீச்சர்.

அட்மின் லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல் சொன்னான். "சிஸ்டம் முதல் ஓட்டைத்தான் கணக்குல எடுக்கும்."

டேர்ம் முடிவில் அவரை அறைக்குக் கூப்பிட்டார்கள். சராசரி நாற்பத்தாறு.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல" என்றார் தலைமையாசிரியர். "நாளையிலிருந்து பட்டையைத் திறந்து வைங்க. நம்பர் தானா ஏறும். பத்தாவது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஏறுறது எதுன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"எனக்கு நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு நம்பர் வேணும். அது எனக்கு நல்லாத் தெரியும்."

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். மைதானத்தில் பத்தாவது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்ச்காரன் யாரோடோ கையை ஆட்டி ஆட்டி வழக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"திறக்க முடியாது சார்."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"திறந்தா யாருக்கு என்ன தெரியலைங்கறது எனக்குத் தெரியாது. அது தெரியாம நான் என்ன நடத்தறது?"

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார். பத்தாவது அட்மினுக்கு, எட்டாவது டீச்சருக்கு.

வராந்தாவில் அட்மின் பின்னாலேயே வந்தான். "ஒரு பட்டனுக்காக விட்டுட்டீங்களா மேடம்? பைத்தியக்காரத்தனம்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"உங்க கேள்வியெல்லாம் சிஸ்டத்துலதான் இருக்கு. நான் எடுத்துக்கலாம்ல?"

"எடுத்துக்கோ. பட்டையைத் திறந்துட்டுக் கேட்டா அது வெறும் எழுத்து. மறைச்சுக் கேட்டா உன் சராசரியும் விழும். உன் காண்ட்ராக்ட், உன் பாடு."

அவன் முகம் சிவந்தது. திரும்பிப் போனான். அடுத்த வாரம் பத்தாம் வகுப்பின் மார்க் மறுபடி தொண்ணூறில் வந்து நின்றது. பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். படியில் எதிர்ப்பட்டபோது முதல் பெஞ்ச் கண்ணாடிப் பெண் மட்டும் டீச்சருக்கு வழிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

எட்டாம் வகுப்பு கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில். டீச்சர் போய் நின்றபோது யாரும் நிமிரவில்லை. இவர்களுக்கு அவரைத் தெரியாது. கிளிக்கர்களைக் கொடுத்தார், கேள்வியைப் போட்டார். கிளிக்கர் இவர்களுக்கும் பழக்கம்தான்; அமுக்காமல் மொத்த வகுப்பும் அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"அங்க ஒண்ணும் வராது" என்றார் டீச்சர், மேஜையைத் தட்டி. "குனி. உனக்கு என்ன தோணுதோ அதை அமுக்கு."

எரிச்சலோடு குனிந்தார்கள். ஒருவன் "ச்சே" என்றது முன்வரிசை வரை கேட்டது. திரையில் ஒன்று என்ற எண் வந்தது. வெகுநேரம் கழித்து, இரண்டு.