ஓடையோரத்து வெள்ளைப் பூ

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்குக் கீழே, நோய் கண்டு அழிந்த கோப்பித் தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை அற்புதராஜ் வாங்கியிருந்தான். கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கும் தச்சன் அவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் மனைவி மரியகொரட்டி. வீட்டைச் சுற்றிப் போஞ்சிக் கொடியும் மரவள்ளியும் போட்டிருந்தாள். ஓடையோரத்துக்கு மட்டும் போகவேண்டாம், பாம்பு கிடக்கும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், காணாமல்போன கோழியைத் தேடி அவள் அந்தப் பக்கம் போனாள். மட்கிய சருகுக்கு நடுவே ஒரு பூ நின்றது. முழங்கால் உயரத் தண்டு. ஓர் இலை கிடையாது, பச்சை என்பதே கிடையாது. மெழுகு நிறத்தில் பூக்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் வெயிலே காணாத ஏதோ ஒன்று எழுந்து வந்து தன்னைப் பார்ப்பதுபோல் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

அப்படியும் அதை ஒடித்து வந்து, மாதா படத்துக்கு முன்னால் செம்பில் வைத்தாள்.

சாயங்காலம் வந்த அற்புதராஜ் அதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அதற்குள் பூ கறுக்கத் தொடங்கியிருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டான். ஓடையோரம், பெரிய கல்லுக்குப் பக்கத்தில் என்றாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “நம்ம புள்ள அங்கதான் இருக்கு, கொரட்டி.”

நான்கு வருஷத்துக்கு முன்பு, பிறந்த அன்றே போய்விட்ட ஆண் குழந்தை அது. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அவளிடம், பதுளைக் கல்லறையில் அடக்கம் செய்ததாக அவன் சொல்லியிருந்தான். ஆனால் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு வேலிக்கு வெளியேதான் இடம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் கிடக்கும் இடத்தில் விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. தன் கையாலேயே அடித்த சின்னப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் திரும்பி நடந்து, தங்கள் நிலத்து ஓடையோரத்தில் புதைத்தான். பிறகு, அவளுக்குக் காட்டுவதற்காக, கேட்பாரற்ற பழைய மேடு ஒன்றில் சிலுவை நட்டான்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவள் விளக்கேற்றி அழுதது யாரோ ஒருவருடைய மேட்டில்.

அவள் அவனைத் திட்டவில்லை. ஓடையோரம் போய், ஒடிந்த தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வருஷத் திருநாளுக்கு அங்கேயே விளக்கேற்றினாள். அந்த வருஷம் அவள் மனம் ஓரளவு ஆறியிருந்தது.

மறுவருஷம் மழை விட்டபோது, பிள்ளை இருக்கும் இடத்துக்கு அடையாளம் என்று அவள் நம்பியிருந்த பூ கல்லருகே வரவில்லை. பலாமரத்தடியில் வந்தது. சில நாளில் வீட்டுக்குப் பின்னால், அவள் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று.

அவள் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். “எங்க வச்சீங்க? சரியாக் காட்டுங்க.”

அவன் கல்லருகே நின்றான். பலாமரம் வரை நடந்தான். திரும்பவும் கல்லுக்கே வந்தான்.

“மழைம்மா. இருட்டிக்கிட்டு வந்துச்சு. இங்கதான்னு நெனச்சேன்.”

அதன்பின் அந்த மண்ணில் அவள் மண்வெட்டி போடவில்லை; போஞ்சிக்குப் பசறைச் சந்தைக்குத்தான் போகவேண்டியிருந்தது. தன் சொந்த நிலத்தில் நடக்கும்போது மரியகொரட்டி குதிகாலை ஊன்றுவதில்லை. எங்கே மிதித்தாலும் கீழே கேட்டுவிடுமோ என்றிருந்தது அவளுக்கு.