தலைக்கணக்கு சரி

கோடை விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பஸ் டிப்போ மெக்கானிக் தன் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அணைக்கட்டுக்குச் சுற்றுலா போனார். திரும்பி வரும்போது பெண் பிள்ளைகள் மூன்றாக இருந்தார்கள். அந்த வாரம் ஐஸ் விலை ஏறியிருந்தது. டிப்போ வாசலில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. ஊர் பேசுவதற்கு இதுவே போதுமானதாக இருந்ததால், மெக்கானிக் வீட்டுச் சங்கதி வெளியே வரச் சில நாட்கள் பிடித்தன.

வீட்டுக்காரர்களுக்கே அன்று சாயங்காலம், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதுதான் தெரிந்தது. துண்டு இரண்டுதான் இருந்தது. தலையணையும் இரண்டு, பிரஷ்ஷும் இரண்டு. பிள்ளைகள் மட்டும் பெரியவள், நடுவிலவள், சின்னவள் என்று மூன்று. மூவருக்கும் அம்மாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம். சர்க்கரை டப்பா எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. பெரியவள் பிறந்த அன்று கொட்டிய மழையும், நடுவிலவள் பிறந்தபோது போன மின்சாரமும், சின்னவள் பிறந்தபோது டிப்போவில் நடந்த வேலைநிறுத்தமும் தாய்க்கு அப்படியே ஞாபகம் இருந்தன. தான் பெற்றது இரண்டே இரண்டு என்பதும் அதே அளவுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு பிள்ளைகளில் நடுவில் என்று ஒன்று ஏது என்று நடுவிலவளைத்தான் முதலில் எல்லோரும் சந்தேகித்தார்கள். ஆனால் மூன்றில் எந்த ஒன்றை எடுத்தாலும் மீதி இரண்டு ஒழுங்காகத்தான் நின்றது. பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில் குழப்பம் இரட்டிப்பானது.

“உனக்கு ரெண்டு பொண்ணுதானே, ஊருக்கே தெரியும். இந்த மூணும் பொறந்ததுல இருந்து என் மடியிலதானே வளர்ந்துச்சுங்க!” என்றாள் அவள்.

மெக்கானிக் நேராக டிரைவரிடம் போனார். ஆண்டுக்கு ஒருமுறை அணைக்கட்டுக்கு விடப்படும் அந்தப் பஸ்ஸை எப்போதும் ஓட்டுகிறவர் அவர். புறப்படும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் தலைகளை எண்ணாமல் கியரைத் தொட மாட்டார். தலையை மட்டும்தான் எண்ணுவார். முகத்தைப் பார்த்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் கணக்கு தப்பும் என்பது அவருடைய அனுபவம். “போகும்போது எத்தனை தலையோ வரும்போதும் அத்தனைதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. என் தலையில பழியைப் போடாதீங்க” என்று அவர் கையை விரித்துவிட்டார். அதிலிருந்துதான் ஊருக்கு ஒரு விஷயம் உறைத்தது. மொத்தக் கணக்கு சரியென்றால், ஒரு வீட்டில் கூடியது வேறொரு வீட்டில் குறைந்திருக்க வேண்டும். சுற்றுலா போன வீடுகளெல்லாம் தங்கள் ஆட்களைக் கூட்டிவைத்து எண்ணிப் பார்த்தன. தொலைந்திருந்தால் பரவாயில்லை என்று ஒரு குடும்பமே நினைத்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒருவர்கூடப் பத்திரமாக இருந்தார். யார் வீட்டிலும் யாரும் குறையவில்லை.

தையலக்காவை யாரும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய் வந்தவள்தான். ஆனால் அவளிடம் குறைவதற்கு எதுவும் இருந்ததில்லை. புருஷன் சரக்குக் கப்பலில் சமையற்காரன், வருடத்துக்கு ஒருமுறை வருவான். குழந்தை கிடையாது. அது ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கைக்கு மட்டும் தெரியவில்லை.

அவளுடைய தையல் கடைக்கும் எதிரே இருந்த ரொட்டிக் கடைக்கும் நடுவே, டிப்போ பஸ்கள் போகும் பெரிய சாலை. அதைக் கடக்கப் போகும் போதெல்லாம் அவளுடைய இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் தாழ்ந்து நீளும். விரல்கள் எதையோ பிடித்ததுபோல மடங்கும். இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்ப்பாள். அவள் நடைக்குப் பொருந்தாத சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைப்பாள். அந்தப் பக்கம் போனதும் விரல்கள் விரியும், வெறும் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் இதைக் கவனித்தவர் ரொட்டிக் கடைக்காரர். நரம்புக் கோளாறாக இருக்கும், வெயில் காலத்தில் வருவதுதான் என்று அவர் சொன்னார். தலையணை உறைக்கே இரண்டு தடவை அளவெடுக்கிற தையலக்கா, டேப்பைத் தொடாமலேயே மிச்சத் துணியில் ஒரு சின்ன கவுன் வெட்டித் தைத்ததும் அந்த வாரத்தில்தான். தைத்து முடித்துப் பொத்தானுக்குக் காஜாவும் எடுத்த பிறகு, இது யாருக்கு என்று யோசித்தபடி மெஷின்மேல் தலையை வைத்து அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று தெரியாதது அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

கவுனை எடுத்துக்கொண்டு மெக்கானிக் வீட்டுக்கு வந்தாள். “சும்மாதான் தைச்சேன். யாருக்காவது சேருதான்னு பாரு” என்றாள். மெக்கானிக்கின் மனைவி மூன்று பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சின்னவளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவளுக்கென்றே தைத்ததுபோல இருந்தது. நடுவிலவளுக்கும் அப்படியே. சின்னவளைவிட ஒரு முழம் உயரமான பெரியவளுக்கும் தோள், கை, முழங்கால் எல்லாம் அளவெடுத்த மாதிரி அமைந்தது. துணி இழுபடவும் இல்லை, தொங்கவும் இல்லை. மூவருக்கும் சேர்ந்ததில் தாய்க்கு உயிர் திரும்பி வந்தது. தையலக்கா ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கவுனை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த கோடையில் இன்னொரு கவுன் தைத்துக் கொண்டுவந்தாள். இது முன்னதைவிடக் கொஞ்சம் பெரியது. சாலையைக் கடக்கும்போது அவள் கையும் முன்பைவிடக் கொஞ்சம் மேலே நீண்டது. அதுவும் மூவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த வருடம் கப்பலிலிருந்து வந்த புருஷன், பெட்டியிலிருந்து ஒரு ஜோடி குழந்தை ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தான். போன கோடையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கடை வாசலில் கால் தானாக நின்றுவிட்டது என்றான், அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருவரும் ஷூவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு அவன் அதைப் பரண்மேல் வைத்துவிட்டான்.

கவுன் கொண்டுவருவதோடு தையலக்கா நிற்கவில்லை. கடையைச் சாத்தியதும் தினமும் மெக்கானிக் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். எதுவும் கேட்க மாட்டாள். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். மெக்கானிக்கின் மனைவி முதலில் நாற்காலி போட்டாள், பிறகு போடுவதை நிறுத்தினாள், அதன் பிறகு கதவைத் தாழ்போட்டாள். வேகிற வெயிலில் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் ஒரே அறைக்குள் வைத்துக்கொண்டு புழுங்கினாள். ராத்திரியெல்லாம் அவர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினாள்.

“எதுக்கு அக்கா தினம் வந்து நின்னு என் உயிரை வாங்கறீங்க? வாயைத் திறந்து கேட்டுத் தொலைங்களேன்!”

“என்னன்னு கேக்கறது? எனக்குத்தான் புள்ளையே இல்லையே” என்றாள் தையலக்கா.

மெக்கானிக்கின் மனைவி உள்ளே போனாள். எதிரியாக இருந்தால் சண்டை போடலாம். தொலைத்தது என்னவென்றே தெரியாதவளிடம் என்ன சண்டை போடுவது? மறுநாள் அவளே புருஷனை டிரைவரிடம் அனுப்பினாள். எங்கே தப்பியதோ அங்கேயே போய்ச் சரிசெய்ய வேண்டும், அதே பஸ், அதே ஆட்கள், அதே ஞாயிறு என்பது அவள் யோசனை.

அப்படி மூன்றாவது கோடையில் பஸ் மறுபடி அதே ஆட்களோடு அணைக்கட்டுக்குப் புறப்பட்டது. அவரவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். பெரியப்பா மட்டும் இடையில் காலமாகிவிட்டார், அவர் குடும்பம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அழுதது. ஒரு தலை குறைகிறதே, வண்டி எடுக்க மாட்டேன் என்று டிரைவர் அடம்பிடித்தார். ரொட்டிக் கடைக்காரரின் கைக்குழந்தையைப் பெரியப்பா சீட்டில் வைத்ததும், புதுத் தலையும் தலைதான் என்று சமாதானமாகிக் கியரைப் போட்டார். அணையில் தண்ணீர் குறைந்திருந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் தர்பூசணியும் தின்றார்கள். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் கும்மாளமடித்தார்கள். மெக்கானிக்கின் மனைவி தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தாள். தையலக்கா படிக்கட்டில் உட்கார்ந்து இடது கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். சாயங்காலம் டிரைவர் எண்ணினார், சரியாக இருந்தது.

ஊருக்குள் வந்து எல்லோரும் இறங்கினார்கள். மெக்கானிக்கின் மனைவி எண்ணினாள். மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றேதான். ஜன்னலோரத்தில் தையலக்கா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. மெக்கானிக்கின் மனைவி பிள்ளைகளோடு மறுபடி பஸ்ஸில் ஏறினாள்.

“எறங்குங்க அக்கா.”

“எறங்கி எங்க போறது?”

மெக்கானிக்கின் மனைவி பிள்ளைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஒண்ணைக் கூட்டிட்டுப் போங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. கண்ணை மூடிக்கறேன்.”

“தப்பான புள்ளையா இருந்துட்டா?”

“மூணும் என் புள்ளைங்கதான். இதுல தப்பான புள்ளை ஏது?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துத் தையலக்காவும் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினாள். டிரைவர் முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒருமுறை மட்டும் அவர் எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கை வெறுமையாகவே இருந்தது. பிறகு மணல் ஒட்டிய, ஈரமான சின்னக் கை ஒன்று அதற்குள் வந்து உட்கார்ந்தது. தையலக்கா கண்ணைத் திறக்காமலேயே எழுந்து நடந்தாள். “படி இருக்கு, பார்த்து” என்றது பக்கத்தில் ஒரு குரல். வீட்டுக் கதவைத் தாழ்போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள். பரணிலிருந்த ஷூவை இறக்கி மாட்டிப் பார்த்தாள். குதிகால் வெளியே நின்றது. இரண்டு வருடம் என்பது குழந்தையின் காலுக்கு எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், இந்த முறை காரணம் தெரிந்து அழுதாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வீட்டில் இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு பிள்ளைகள். கதவும் ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. எதற்காக இவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்தோம் என்று வீட்டுக்காரிக்கு விளங்கவில்லை. ஒருமுறை ஊரே பழைய சீட்டில் உட்கார்ந்து சுற்றுலா போனது ஏன் என்று மற்றவர்களுக்கும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, தையலக்காவுக்குக் குழந்தையே கிடையாது என்றும், அவளுடைய பெண் பிறந்ததிலிருந்து தன் மடியில் வளர்ந்தது என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். நடந்தது தையலக்காவுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. கிடைத்தவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும் போலும். ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்த மெக்கானிக்கின் மனைவி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “உங்க பொண்ணா அக்கா? நல்லா வளர்ந்துட்டாளே!” என்று சிரித்துவிட்டுப் போனாள். தையலக்கா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒருநாள் கடையிலிருந்து பார்த்தபோது, மெக்கானிக்கின் மனைவி ஒரு கையில் காய்கறிப் பையோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் முன்னால் ஓடிவிட்டார்கள். அவளுடைய காலியான இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் தாழ்ந்து நீண்டது. விரல்கள் மடங்கின. இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்த்துவிட்டு, சின்னச் சின்ன அடியாகக் கடந்தாள். அந்தப் பக்கம் போய் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். டேப் தேவைப்படாத கண் தையலக்காவுக்கு. அந்தக் கை நின்ற உயரம், மெஷின் பக்கத்தில் பொத்தான் அடுக்கிக்கொண்டிருந்த தன் மகளின் கை உயரம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

சொந்தப் பிள்ளை வந்ததா, ஊரான் பிள்ளை வந்ததா என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூன்றும் அவள் பிள்ளைகள்தானே, எது போயிருந்தாலும் கை நீண்டிருக்கும். தையலக்கா கடையை அடைத்தாள், தாழ்போட்டாள், ரொட்டி வாங்கத் தெருவெல்லாம் சுற்றி வேறு வழியில் போனாள். ஆனால் வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, உச்சி வெயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு சாலையோரம் போய் நின்றாள். மெக்கானிக்கின் மனைவி வந்து கையை நீட்டியதும், மகளின் இன்னொரு கையை எடுத்து அதற்குள் வைத்தாள்.

மெக்கானிக்கின் மனைவி திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். “என்னக்கா, இவ கை இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?” என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் எல்லாம் இல்ல. வெயில்ல ரொம்ப நேரமா உனக்காக நின்னுட்டிருந்தா.”

எனக்காக எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. கையையும் விடவில்லை. மூவரும் கடந்தார்கள். அந்தப் பக்கம் போன பிறகும் அவள் விட மனமில்லாமல் நின்றாள், தையலக்கா அவசரப்படுத்தவில்லை. மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஐஸ் விலை இரண்டு முறை ஏறி ஒருமுறை இறங்கியது. அணைக்கட்டுக்குப் பஸ் விடுவதை டிப்போ நிறுத்திவிட்டது. அந்தப் பெண் இரண்டு பேரையும்விட உயரமாக வளர்ந்தாள். தாழ்ந்து நீண்ட கைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. இப்போதெல்லாம் சாலையில் இரண்டு பக்கமும் பார்ப்பவள் அவள்தான், மற்ற இருவருக்கும் பார்வை மங்கிவிட்டது.

அந்த நேரத்துக்கு வருகிற பஸ் எதுவானாலும் நிற்கும். ஓய்வு பெறப் போகிற அந்தப் பழைய டிரைவராக இருந்தால் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு, முகங்களைப் பார்க்காமல் தலைகளை எண்ணுவார். மூன்று. சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருந்து வண்டியை எடுப்பார்.