பெயர் சொல்லிய குரல்

மாரிக்கண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு அது நான்காம் நாள். அவன் மனைவி முத்துமாரி வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிட்டிருந்தாள். தாராவியின் அந்தச் சந்தில் பகலில் கதவைத் தாழிடும் வழக்கம் கிடையாது. ஆகவே தாழ் விழுந்த அன்றே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தாழுக்குக் காரணம் ஒரு குரல். சந்தின் இளைஞர்கள் பலருக்குத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பதே பெரும்பாடு. எனவே அங்குள்ள தமிழர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாச் செய்தியும் குரல் பதிவாகவே வரும். திங்கட்கிழமை வந்த பதிவில் ஒருவர் திருநெல்வேலிப் பேச்சில் அறிவித்தார்: "மக்களே, காங்கோ காய்ச்சல் பம்பாய்க்கு வந்துட்டு. ஆட்டுத்தோலத் தொட்டவன் ரத்தம் கக்கிச் சாவான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொணத்தக்கூடத் தர மாட்டான்."

அவர் பெயர் சொல்லவில்லை. ஊர்ப் பேச்சாக இருந்ததால் யாரும் கேட்கவுமில்லை. ஹிந்தியில் வரும் வதந்திகளைச் சிரித்துத் தள்ளுபவர்கள், இதை மட்டும் உறவினர் அனைவருக்கும் அனுப்பி வைத்தார்கள்.

மாரிக்கண்ணன் கரீம் பாட்சாவின் பட்டறையில் ஆட்டுத்தோல் பை தைப்பவன். இப்போது அவன் கைகளில் சிவப்புப் புள்ளிகள். அன்று காலை ஈறிலும் ரத்தம்.

பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி, செம்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். கையொப்பமும் தேதியும் இல்லாத தாளை அவள் கோப்பில் சேர்ப்பதில்லை. இதனால் அங்கே அவளுக்கு நண்பர்கள் குறைவு. வேலைக்குப் புறப்பட்டவள், உள்ளே அழுகுரல் கேட்டு நின்றாள்.

"கதவத் திற, முத்து."

"மாட்டேன் மைனி. தூக்கிட்டுப் போயிருவானுவ."

"யாரு சொன்னா?"

"நம்ம ஊரு ஆளுதான சொல்லுதாரு!"

"அந்த ஆளுக்குப் பேரு இல்லியா?"

அதற்குள் சங்கச் செயலாளர் நெல்லையப்பன், கரீம் பாட்சாவின் பட்டறைக்குப் போடுவதற்காக ஒரு பெரிய பூட்டுடன் வந்து சேர்ந்தார்.

"நீ என்ன டாக்டரா, சங்கரி?"

"இல்ல அண்ணாச்சி. அதனாலதான் கேட்டுட்டுப் பேசப் போறேன்."

வாசற்படியில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தாள். முதலில் மண்டையோட்டுப் படம் போட்ட காணொளி. அடுத்து மூலிகைச் சாறு விற்பவர். மூன்றாவது, தேதியில்லாத செய்தி. மூன்றையும் கடந்து உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனாள். அது எப்போது திருத்தப்பட்டது என்பதை முதலில் குறித்துக்கொண்டாள், பிறகே வாசித்தாள். அடுத்து மாநகராட்சிச் சுகாதார அலுவலக மருத்துவரிடம் பேசினாள். எல்லாம் முடிந்ததும் கதவருகே போய் நின்றாள்.

"கேளு முத்து. காங்கோ காய்ச்சல், உண்ணி கடிச்சா வரும். நோய் கண்ட ஆடு மாட்டை அறுக்கும்போது அதோட ரத்தம் பட்டா வரும். நோயாளி ரத்தம் பட்டாலும் வரும். அதனால அவரு ரத்தத்த வெறுங்கையால தொடைக்காத. பதனிட்ட தோலைப் பத்தி அந்தப் பக்கத்துல ஒண்ணும் இல்ல. இல்லாதத நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப இவுகளுக்கு அது இல்லியா மைனி?"

"தெரியாது."

நெல்லையப்பன் சிரித்துவிட்டார். "இதச் சொல்லவா இம்புட்டு நேரம்?"

"டாக்டரம்மாவும் தெரியாதுன்னுதான் சொன்னாங்க அண்ணாச்சி. ரத்தம் சோதிச்சாத்தான் தெரியுமாம். டெங்கு முத்தினாலும் இப்பிடி ரத்தம் கசியுமாம். இப்ப இங்க அதுதான் ஜாஸ்தி. எதுவா இருந்தாலும் இந்த நிலைமைல வீட்டுல வச்சிருக்கக்கூடாது. முத்து, அவங்க பேரு கோகிலவாணி. ஒம்பது நாப்பதுக்குப் பேசினேன். நம்பர் தாரேன், நீயே கேட்டுக்க."

கதவுக்குப் பின்னால் முத்துமாரி கைப்பேசியில் மருத்துவரிடம் பேசினாள். மூன்று நிமிடம் ஆயிற்று. தாழ் விலகியது.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையாது. கரீம் பாட்சா, சாயமிடுவோர் அணியும் ரப்பர் கையுறைகளில் புதிதாக நான்கு சோடி கொடுத்தனுப்பினார். மாரிக்கண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நெல்லையப்பன் பூட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையுறை மாட்டி ஒரு பக்கம் பிடித்தார்.

டெங்கு என்று மாலையில் உறுதியானது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மாரிக்கண்ணன் எழுந்து உட்கார்ந்து, மருத்துவமனைக் கஞ்சியைக் குறை சொன்னான். முத்துமாரிக்கு அதன் பிறகுதான் நம்பிக்கை வந்தது.

மறுவாரம் கோகிலவாணி, தமிழ்ச் சந்துகளுக்கு ஒரு குரல் பதிவு வேண்டும் என்று கேட்டார். சங்கரேஸ்வரி எழுதினாள், மூன்று முறை திருத்தினாள்.

"சங்கரியே பேசட்டும். படிச்ச புள்ள," என்றார் நெல்லையப்பன்.

"நான் பேசுதேன்," என்றாள் முத்துமாரி. "எம் புருசன்லா பொழைச்சு வந்தது."

தாளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அதைப் பார்க்காமலே பேசினாள்.

"என் பேரு முத்துமாரி. மாரிக்கண்ணன் பொஞ்சாதி. எம் புருசனுக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நாளு வீட்டுலயே மறைச்சு வச்சேன். அது தப்பு. சோதிச்சதுல டெங்குன்னு வந்துச்சு. ஆஸ்பத்திரில யாரும் எங்களத் தொரத்தல. நான் சொல்லுததுல சந்தேகம்னா டாக்டரம்மாவக் கேளுங்க. அவுகளுக்குப் போன் போகலன்னா எனக்கு அடிங்க."

இரண்டு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"'அது தப்பு'ன்னு நான் எழுதலியே?" என்றாள் சங்கரேஸ்வரி.

"நான் சேத்தேன் மைனி."

சங்கரேஸ்வரி பதிவை இருமுறை கேட்டாள். நீக்குவதற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. அவளுக்கு இது அபூர்வம்.

பதிவு போன ஏழாவது நிமிடம் கைப்பேசி ஒலித்தது. தாணேயிலிருந்து ஒரு பெண். வீட்டில் காய்ச்சல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். முத்துமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா, முத்துமாரிதான் பேசுதேன். எத்தனாவது நாளு?"