நாற்பத்தொன்றாம் பாத்தி

ட்ரோன் வந்த நாளிலிருந்து அந்தப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒருவரும் வயலுக்குள் கால் வைப்பதில்லை. அது பாட்டுக்கு மேலே பறந்து படம் பிடிக்கும்; சோளத்தின் உயரமும் பசுமையும் கணினியில் வந்து விழும். அதனால்தான், தான் உருவாக்கிய ரகம் முதலிடம் என்று அறிக்கை வந்ததும் அதோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளப் போன சின்ன மேடம், தன் பாத்தியையே தேட வேண்டியதாயிற்று.

கண்டுபிடித்ததும் முகம் செத்துப்போனது. நாற்பத்தொன்று என்று எழுதிய குச்சிக்குப் பின்னால் இடுப்பளவு கூட வளராத பயிர், பாதி பழுத்துப்போய் நின்றது.

கூட வந்தவள் அவளுடைய நாத்தனார். ட்ரோன் ஓட்டுவது அவள்தான். "அண்ணி, இதுவா முதல்ல வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தாள்.

சின்ன மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. விதைக்கிற இயந்திரம் முதல் வரிசையை இடமிருந்து வலமாக விதைத்து, அங்கேயே திரும்பி இரண்டாம் வரிசையை வலமிருந்து இடமாக விதைத்திருந்தது. பாத்தி எண்களும் அப்படியே. கணினியோ எல்லா வரிசையையும் இடப்பக்கத்திலிருந்தே எண்ணிவிட்டது. வரிசைக்கு நாற்பது பாத்தி. ஆக, இரண்டாம் வரிசையின் ஒரு கோடியில் இருந்த நாற்பத்தொன்றின் மதிப்பெண் மறு கோடியில் இருந்த எண்பதுக்குப் போய், எண்பதுடையது இதற்கு வந்துவிட்டது.

எண்பது, பக்கத்து மேசை மீசைக்காரருடையது. அறிக்கையில் கடைசி. மூன்று வருட வயல் சோதனையில் தேறாத ரகத்தின் விதையைக் குப்பையில் கொட்டிவிடுவது அங்கே விதி. இரண்டு ரகத்துக்குமே இது மூன்றாவது வருடம்.

"கம்ப்யூட்டருக்கு நம்பரைத் தப்பாக் குடுத்தது நான்தான். என் தலைதான் உருளும்," என்றாள் நாத்தனார். "பேசாம இருந்துடுவோமா அண்ணி?"

இருந்துவிடலாம்தான். யாரும் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. ரகத்தை உருவாக்கிய மூன்று வருடத்தையும் சேர்த்தால் ஆறு வருட உழைப்பு. மீசைக்காரரோடு அவளுக்கு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் காலையில் அறிக்கை வந்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்து வாழ்த்தியவர் அந்த மனுஷர்தான்.

"போய் எண்ணைத் திருத்தி அறிக்கையை மறுபடி எடு," என்றாள். "திட்டு விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

மீசைக்காரர் கொட்டுவதற்காகத் தன் விதைப் பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் வயலுக்கு ஓடினார். செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஆளுயரம் நிக்குது," என்றார். "தண்டுதான் கொஞ்சம் சோனி, காத்துக்கு ஆடுது. உங்களுது எப்படி?"

"குள்ளம். ஆனா தண்டு கட்டை மாதிரி இருக்கு. இருந்து என்ன, சாயங்காலம் கொட்டப் போறோம்."

"கொட்டாதீங்க. ரெண்டையும் கலப்பினம் பண்ணிப் பாப்போம். என் பயிர்ல உங்க மகரந்தம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மானம் போய்விடும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாம சம்பந்திங்க. மகரந்தம் என்னுது, அதனால நான்தான் மாப்பிள்ளை வீடு. முறுக்கிக்கிற உரிமை எனக்குத்தான்."

மீசைக்காரர் பெண்ணைப் பெற்றவராகப் பவ்யமாகத் தலையாட்டி, அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.