தாளில் தங்கிய நீலம்

குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஏரித் தண்ணீரைச் சோதித்து வருபவளை, கூட வேலை பார்ப்பவர்கள் பாசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அவளே தொலைபேசியில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, முந்தின நாள் ஏரித் தண்ணீரை வடிகட்டி அசிட்டோன் திரவத்தில் ஊறப்போட்டிருந்த வடிதாளை எடுத்தாள். தாளில் படிந்திருந்த பாசியிலிருந்து பச்சையம் இறங்கி, குழாயில் தெளிந்து நின்றது. கருவியில் வைத்து வெளிச்சத்தைப் பாய்ச்சினாள். நீலத்தை விழுங்கியது, சிவப்பை விழுங்கியது, பச்சையைச் சீண்டாமல் வெளியே விட்டது. பச்சையத்தின் குணமே அதுதான். இலை பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். எவ்வளவு விழுங்கியது என்பதை வைத்து ஏரியில் எவ்வளவு பாசி என்று கணக்கிடுவார்கள். எண் எல்லைக்குள் இருந்தது.

தாளைக் குப்பையில் போடப் போன கை நின்றது. பச்சை போன தாள் வெளுத்திருக்க வேண்டும். இது சாயம் போன சீருடை மாதிரி மங்கலான நீலமாக இருந்தது.

அசிட்டோனில் கரையாத நீலம் ஒன்று உண்டு. நீலப்பச்சைப் பாசி என்கிற வகை வைத்திருக்கும் நிறமி அது. அந்த வகையில் சிலது விஷம் கக்கும்.

தலைமை ஆய்வாளரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். முத்திரை விழாத காகிதத்தைத் தொடமாட்டார் என்பதால் அவருக்கு முத்திரை என்றே பட்டப்பெயர். எண்தானே அறிக்கையில் போகும், தாளின் நிறமா போகும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அவளுடைய அவசரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அவள் கணவர் நீச்சல் பயிற்சியாளர். கோடை விடுமுறையில் தினமும் நாலு மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை அதே ஏரியில் இறக்குவார். போன மாதம் கரையோரம் மஞ்சளாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்துப் பதறி, வகுப்பை நிறுத்த வைத்தாள். கடைசியில் அது மரத்திலிருந்து கொட்டிய மகரந்தத் தூள். இன்றைக்கு இறங்கலாமா, வீட்டில் உத்தரவு கிடைத்ததா என்று பெற்றோர்கள் அவரைக் கிண்டலடித்தார்கள். மூன்று நாள் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை வெறும் சந்தேகத்தோடு போய் நிற்க முடியாது.

பிரித்து வைத்திருந்த ஏரித் தண்ணீரை இன்னொரு தாளில் வடிகட்டி, உப்புநீர்க் கரைசலில் போட்டு உறையவைத்தாள். உறைந்து உருகினால்தான் பாசி உடைந்து நீலம் வெளியே வரும். அப்படி மூன்று தடவை. உறைபெட்டிக் கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவிட்டாள். கணவருக்கு நாலு தடவை போன் போட்டாள், எடுக்கவில்லை. காலையில் கரைக்குப் போகும்போது பைக்குள் போடும் போனை அவர் வகுப்பு முடியும்வரை எடுக்கமாட்டார்.

மூன்று மணிக்குக் கரைசலைக் கருவியில் வைத்தாள். திரையில் கோடு தட்டையாக வந்து, ஆரஞ்சு வெளிச்சம் வரும் இடத்தில் திமில் மாதிரி எழும்பியது. பச்சையம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத வெளிச்சம் அது. அதை இந்த நீலம் அள்ளி விழுங்கியிருந்தது.

முத்திரை வந்து பார்த்தார். இந்த அளவீடே நம் நடைமுறையில் கிடையாது, எதைக் காட்டி ஏரியை மூடச் சொல்வது என்றார். ஆனால் விஷச் சோதனைக்கு அன்றே மாதிரி அனுப்பக் கையெழுத்துப் போட்டார். முடிவு வர இரண்டு நாள் ஆகும்.

அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். இறங்கி ஓடியபோது நாலு அடித்து ஐந்து நிமிஷம். இருப்பதிலேயே சின்னப் பெண் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க."

"போன மாசம் மாதிரியா?" என்றார் அவர், பெற்றோர்கள் காதில் விழாமல்.

"போன மாசம் பார்த்துப் பயந்தேன். இன்னிக்கு அளந்துட்டு வந்திருக்கேன். விஷமான்னு இன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் இறக்காதீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு விசிலை ஊதினார். ஒரு அப்பா முணுமுணுத்தார். தண்ணி சரியில்லை, வகுப்பு கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணவர் துண்டுகளை மடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடித்துச் சிவந்திருப்பதைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"காலையில அக்கரைக்கு நீந்திப் போயிட்டு வந்தேன். கொஞ்சம் அரிக்குது, அவ்வளவுதான்."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டு வாய் போயிருக்கும்."

கையைப் பிடித்து நேரே மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு வாந்தி எடுத்தது. இரண்டு நாள் துவண்டு கிடந்தார். அந்த இரண்டு நாளும், காலையில் அங்கே நீந்துகிறவர்கள் யார் யாரென்று அவரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். ஒன்பது பேரில் மூவருக்கு வயிறு சரியில்லை. நல்லவேளையாக யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிவு வந்தது. விஷம் இருந்தது, எல்லைக்கு மேலேயே. முத்திரை விடுமுறை நாளில் வந்து மூடல் உத்தரவில் கையெழுத்திட்டார். நீலத்தை அளக்கும் முறையை எழுதித் தரும்படி அவளிடம் கேட்டார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அதிலும் முத்திரை குத்தினார்.

ஏழாவது வாரம் ஏரியைத் திறந்தார்கள். திறந்தது அவள் எடுத்த நீல அளவீட்டை வைத்துத்தான். கணவர் முதல் ஆளாக இறங்கினார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்வதற்குக் காரணமும் இல்லை. ஆனாலும் அவர் அக்கரையைத் தொட்டுத் திரும்பி வரும்வரை, கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.