வளைவில் ஒரு சிவப்புக் கோடு

துருப்பிடிக்காது, துருப்பிடிக்காது என்று என் தம்பி அதாவுல்லா ஒரு வருஷமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். மருதமுனையில் எங்கள் சாயப் பட்டறைக்குக் கொழும்பிலிருந்து அவன் கொண்டுவந்த நிக்கல் கலப்புக் குழாயைப் பற்றித்தான். துருப்பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் எண்பத்திரண்டாம் வருஷ நோன்பில், பெருநாளுக்கு உடுத்தும் சாறன் கைலிகளுக்கான நூல் மலையாய்க் குவிந்து கிடந்த ஒரு காலையில், பொயிலரிலிருந்து வரும் அந்தக் குழாயின் வளைவில் ஈரம் கசிவதைக் கண்டேன்.

"அது வேர்வை ராத்தா," என்றான் அக்காவான என்னிடம்.

"குழாய்க்கு என்னடா வேர்வை? நோன்பு நேரத்தில என்ட வாயைக் கிளறாத."

அந்த வளைவு அவன் கைவேலை. குழாயின் அளவு பொருந்தவில்லையென்று, சூடாக்காமலே தென்னங்குற்றியில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைத்தான். அப்படி வளைத்த உலோகத்துக்குள் ஓர் இழுவை நின்றுவிடும். போதாததற்கு, கிணற்றுத் தண்ணீரால் உள்ளே உப்புப் பொருக்குப் பிடிக்கிறதென்று, நூலுக்கு வைத்திருந்த கோஸ்டிக் சோடாவை அள்ளிப் பொயிலருக்குள்ளும் போட்டான். கொதிநீரும் சோடாவும் அந்த இழுவையும் சேர்ந்தால் துருப்பிடிக்காத கொம்பன் உலோகமும் கீறல் விட்டு வெடிக்கும். கெமிஸ்ட்ரி படித்த நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

நெருப்பை அணைக்க வைத்தேன். குழாய் ஆறியதும், மண்ணெண்ணெயில் சிவப்புச் சாயம் கரைத்து வளைவில் பூசி, நன்றாகத் துடைத்துவிட்டு அரிசி மா தூவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மாவில் மயிரிழையாய் ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது.

"சின்னக் கீறல்," என்றான் தம்பி. "பெருநாள் முடியட்டும், பாப்பம். இண்டைக்கு நூல் முடியாட்டி என்ன செய்யிற?"

அந்த வளைவுக்கு நேரே நின்று சாயத் தொட்டியில் நூல் புரட்டுகிறவள் நாச்சியா. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, நெருப்பை மூட்டு," என்றேன். "நாச்சியா நூல் காயப்போடட்டும். உன்ட பொஞ்சாதி சுல்பிகாவைக் கூட்டிக்கொண்டு வா. இண்டைக்கு அவ இஞ்ச நிக்கட்டும்."

அவன் முகம் கறுத்துப்போனது. ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றினான். கோபத்தில் அதைத் தென்னங்குற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்தான். வளைவு பிஸ்கட் மாதிரி ஒடிந்து விழுந்தது. உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை.

நாச்சியா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "தம்பி, இது என்ட முகத்துக்கு நேரதானே இருந்த?"

அதாவுல்லா ஸ்பானரைக் கீழே போட்டான்.

"ராத்தா, பொயிலர் வேணாம், சாயம் காய்ச்சப் பழைய கிடாரத்தை அடுப்பில ஏத்துங்க," என்றான். "நூலை நான் புரட்டுறன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாச்சியாவின் இடத்தில் போய் நின்றான்.